மரபு பேசும் விமர்சனத்துக்கும் கேலிச்சித்திரத்துக்கும் இடம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் இதழில் வந்த திரை விமர்சனத்தைப் படித்துவிட்டு எழுதுகிறேன். படத்தின் பெயரை விட்டுவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஒரு படத்தோடு மட்டும் எனக்குச் சண்டை இல்லை. ஒளிப்பதிவு நன்றாக இருக்கிறது, பின்னணி இசை இரைச்சல், இடைவேளைக்குப் பிறகு கதை தொய்கிறது என்றெல்லாம் எழுதி, ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுத்திருந்தீர்கள். சரி. ஆனால் அந்தப் படம் எதை வீரம் என்கிறது, யாரை மதிக்கச் சொல்கிறது, யாரை எட்டி உதைக்கச் சொல்கிறது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நானும் இங்கே சிங்கப்பூரில் அதே படத்தைக் குடும்பத்தோடு போய்ப் பார்த்தேன். மனைவி, மகள், மருமகன், உயர்நிலை இரண்டில் படிக்கும் பேத்தி, தொடக்கநிலை இரண்டில் இருக்கும் பேரன். பெரியவர்கள் துணையோடு சிறுவர்களும் பார்க்கலாம் என்கிற பிஜி13 தரப் படம் என்பதால் சின்னவனையும் அழைத்துப்போனோம். கதாநாயகன் வரும்போதே கையில் பாட்டில். பெற்ற அப்பனை "யோவ்" என்று கூப்பிடுகிறான், அரங்கம் கைதட்டுகிறது. கொஞ்ச நேரத்தில் ஒரு குத்துப்பாட்டு. எங்களுக்கு முன்வரிசையில் ஒரு தகப்பன், மடியில் ஐந்து வயது இருக்கும் ஒரு பையன். பாட்டு தொடங்கியதும் அவர் ஒரு கையால் பையனின் கண்ணைப் பொத்தினார். இன்னொரு கையின் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார்.

படம் விட்டுக் கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம். எனக்குப் படம் பிடிக்கவே இல்லை என்றேன். "ஏன் தாத்தா பிடிக்கல?" என்று பேத்தி கேட்டாள். "காலம் கெட்டுப்போச்சும்மா" என்றேன். "அது காரணம் இல்ல தாத்தா, காரணம் சொல்லுங்க" என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள், உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. வாங்கிய தே ஓ, பால் இல்லாத தேநீர், ஆறிக்கொண்டிருந்தது. நாற்பது வருடமாகத் தமிழ்ப் படம் பார்க்கிறேன், பதினான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு படத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொல்ல முடியவில்லை. அன்றிரவு தூக்கம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பழைய நோட்டு ஒன்றைப் புரட்டும்போது பதில் கிடைத்தது. தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் மெய்ப்பாட்டியலில் பெருமிதம், அதாவது வீரம், எவற்றிலிருந்து பிறக்கிறது என்று ஒரு கணக்கு இருக்கிறது: கல்வி, தறுகண், இசைமை, கொடை. படிப்பு, அஞ்சாமை, நற்பெயர், கொடுக்கும் மனம். நான்கும் சேர்ந்ததுதான் நம் மரபில் வீரம். பேத்தியைக் கூப்பிட்டு, "அந்தக் கதாநாயகனிடம் இந்த நாலில் எது இருக்கிறது, நீயே சொல்" என்றேன். யோசித்துவிட்டு, "தறுகண் மட்டும்தான் இருக்கு தாத்தா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே, "படிச்சவங்க எல்லாரையும் அந்தப் படத்துல கோமாளியா காட்டுறாங்க, இல்ல?" என்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதுதான் விமர்சனம். கேமராவைப் பற்றியும் வசூலைப் பற்றியும் பேசாத, மரபின் அளவுகோலைக் கையில் எடுத்துப் படத்தை நேராக அளந்து பார்க்கிற விமர்சனம்.

அன்று மாலை அவள் ஒரு படம் வரைந்து காட்டினாள். முன்வரிசைத் தகப்பனைத்தான் வரைந்திருந்தாள். பொத்திய கை பெரிதாக, பையனின் முகம் முழுவதையும் மறைத்துக்கொண்டு. விசில் அடிக்கும் கையும் அதே அளவு பெரிது. திரை சிறியதாக மூலையில் இருந்தது. அவர் முகத்தில் கோபமும் இல்லை, கொடுமையும் இல்லை, நம் வீடுகளில் பார்க்கும் சாதாரண அப்பா முகம். கீழே ஒரு எழுத்துகூட இல்லை. சினிமா நம்மைக் கெடுக்கிறது என்று நான் இத்தனை நாள் புலம்பியதை விட, வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை அந்த ஒரு தாள் தெளிவாகச் சொன்னது.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், என்னைப் போல மரபை மதிப்பவர்களுக்கு விமர்சனம், கேலிச்சித்திரம் என்ற இந்த இரண்டு கருவியும் கைவிட்டுப் போய்விட்டன. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் புகார் செய்வதும் தடை கேட்பதும்தான். 2014இல் ஆர்ச்சி காமிக்ஸின் ஒரு தொகுப்புக்கு இங்கே விற்பனைத் தடை வந்தது, ஓரினத் திருமணக் காட்சி காரணம். குடும்பம் என்பதைப் பற்றி எனக்குப் பழைய கருத்துதான், இன்றும் மாறவில்லை. ஆனால் அந்தக் கதை எங்கே தவறுகிறது, நாம் எதை நம்புகிறோம், ஏன் நம்புகிறோம் என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் ஒரு பக்கம் எழுதிக் காட்டவில்லை. தடை வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். 2015இல் சன்னி லியூ வரைந்த, சார்லி சான் ஹாக் சாய் என்ற கற்பனை ஓவியரைப் பற்றிய சித்திரக்கதைக்குத் தேசியக் கலைகள் மன்றம் 8,000 வெள்ளி மானியத்தைத் திரும்பப் பெற்றது. 2017இல் அதே புத்தகத்துக்குச் சித்திரக்கதைகளுக்கான ஐஸ்னர் விருதுகள் மூன்று கிடைத்தன. நூலகத்தில் எடுத்துப் படித்தேன். வரைந்த கை பெரிய கை, சந்தேகமே இல்லை. ஆனால் நம் நாட்டு வரலாற்றை அது சொல்லும் விதத்தோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. சின்ன வயதில் கம்பத்து (கிராமத்து) வீட்டிலிருந்து வீவக அடுக்குமாடி (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குக் குடிபோன நாள் எனக்கு நினைவிருக்கிறது, அந்த மகிழ்ச்சிக்கும் ஒரு சித்திரக்கதை வேண்டும் என்று தோன்றியது. நானும் நண்பர்களும் கோப்பிக் கடையில் முணுமுணுத்தோம். அதோடு சரி. படத்துக்குப் பதில் படம்தான், மானியத்தை எடுத்துவிட்டால் அது பதில் ஆகாது.

எங்கள் தலைமுறைக்கு இதெல்லாம் புதிதும் அல்ல. 1970 பொங்கலன்று சோ துக்ளக்கைத் தொடங்கியபோது முதல் இதழ் அட்டையிலேயே இரண்டு கழுதைகள் பேசிக்கொள்ளும் கேலிச்சித்திரம். என் அப்பா சிராங்கூன் சாலையில் ஒரு கடையில் அதை வாங்குவார், தாமதமாகத்தான் வந்து சேரும். வீட்டில் சத்தமாகப் படிப்பார். சோ எழுதியதெல்லாம் எனக்கு உடன்பாடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் தனக்குப் பிடிக்காததை முழுவதும் பார்த்து, முழுவதும் படித்து, பிறகு பெயரைப் போட்டு மறுத்தார். வாதாடினார். பின்னாளில் அருமையான படங்களை எடுத்த மகேந்திரனும் அந்தப் பத்திரிகையில் வேலை பார்த்தவர்தான். 1987இல் அட்டைப்படக் கேலிச்சித்திரம் ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்ததும் நினைவுக்கு வருகிறது. சில நாளிலேயே வெளியே வந்துவிட்டார். ஒரு சிரிப்புப் படம் ஆட்சியில் இருப்பவர்களை அவ்வளவு உறுத்தும்.

அரசியலுக்கும் சினிமாவுக்கும் இடையே நம் மொழியில் சுவர் கிடையாது. அண்ணா, கருணாநிதி, எம்ஜிஆர், ஜெயலலிதா என்று முதலமைச்சர்களே திரையிலிருந்து வந்தார்கள். 2024 பிப்ரவரியில் விஜய்யும் கட்சி தொடங்கினார். அங்கே ஓட்டுக்காக எழுதப்படும் வசனம் இங்கே உட்லண்ட்ஸில் இருக்கும் பையன் வாயில் வருகிறது. சாதிப் பெருமை பேசும் பாட்டை வரி விடாமல் பாடுகிறான். பக்கத்து வீட்டில் சீனக் குடும்பம், எதிர் வீட்டில் மலாய்க் குடும்பம், இவன் யாரிடம் காட்டப்போகிறான் அந்தப் பெருமையை? 1991இல் நம் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்ட பொது விழுமியங்கள் ஐந்து. குடும்பமே சமூகத்தின் அடிப்படை, மோதலை விட இணக்கம், இன சமய நல்லிணக்கம் என்பவை அவற்றில் வருகின்றன. ஆக, குடும்பம், இணக்கம் என்று நான் பேசினால் அது ஊர் மூலையில் ஒரு கிழவனின் ஏக்கம் ஆகாது. இந்த நாடு எழுதி வைத்துக்கொண்டதையே சொல்கிறேன். அந்த அளவுகோலை வைத்து ஒரு தமிழ்ப் படத்தையாவது உங்கள் பக்கத்தில் அளந்திருக்கிறீர்களா என்று கேட்கிறேன்.

நம் ஊர்த் தமிழ்ப் பத்திரிகை சீர்திருத்தக்காரர்கள் வளர்த்தது என்பது எனக்குத் தெரியும். கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசைத் தொடங்கியது சீர்திருத்தம் பேசத்தான். அவர் அடித்துத் தள்ளிய பழக்கங்களில் பல போக வேண்டியவையே, என் பாட்டி விதவையாக எப்படி வாழ்ந்தார் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். எனவே பழையது எல்லாம் பொன் என்று நான் வாதாட வரவில்லை. சீர்திருத்தக் குரல் உங்கள் பக்கங்களில் தாராளமாக இருக்கட்டும். பக்கத்திலேயே எங்கள் குரலுக்கும் அரைப் பக்கம் வேண்டும். அமெரிக்காவில் 1924இலேயே ஹெரால்ட் கிரே என்பவர் ஓர் அனாதைச் சிறுமியின் சித்திரத் தொடர் வழியாகச் சொந்த உழைப்பையும் தன்னம்பிக்கையையும் பேசினார், பிறகு அதிபர் ரூஸ்வெல்ட்டின் திட்டங்களை எதிர்த்தும் அதிலேயே வரைந்தார். 1994இல் ஒரு வாத்து நிருபரை வைத்து மரபு வாதம் பேசும் தொடரும் நாளிதழ்களில் வந்தது. படித்தவர்கள் ஏற்கலாம், கோபப்பட்டுக் கடிதம் எழுதலாம், ஆனால் இரண்டு தரப்பும் அச்சில் இருந்தன.

நான் கேட்பது இதுதான். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, புதுப் படம் ஒன்றைப் பற்றி, தான் எங்கே நிற்கிறேன் என்று மறைக்காமல் எழுதும் ஒரு விமர்சனம். அதோடு ஒரு கேலிச்சித்திரம். எழுதுகிறவர் படத்தைக் கடைசி வரை பார்த்திருக்க வேண்டும், நல்லதாக இருந்தால் பாராட்டவும் வேண்டும், சொந்தப் பெயரில் எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதை அப்படியே அடுத்தவருக்கு அனுப்புகிறவர்கள் வேண்டாம். அப்புறம், எங்கள் தரப்பின் பாசாங்கையும் அதே பக்கத்தில் வரையட்டும். முன்வரிசையில் விசில் அடித்த அந்தத் தகப்பனும் எங்கள் தரப்புத்தான், கோவிலில் அவரைப் பார்த்திருக்கிறேன்.

பேத்தி வரைந்த படத்தை அவள் பெற்றோரின் சம்மதத்தோடு இத்துடன் இணைத்திருக்கிறேன். மூலப்படம், மடிக்காமல் அட்டை வைத்து அனுப்பியிருக்கிறேன். வெளியிட இடம் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள், தபால் தலை ஒட்டிய உறையும் உள்ளே இருக்கிறது. எப்போது வரும் என்று தினமும் கேட்கிறாள்.

அன்புடன்,
நெடுநாள் வாசகன்,
உட்லண்ட்ஸ்