வயதைப் பார்த்ததும் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓசூர் சிப்காட் பக்கம் கம்பெனி கேட்டுகளில் ஒட்டியிருக்கும் 'ஆட்கள் தேவை' நோட்டீஸ்களைப் பாருங்கள், பெரும்பாலும் 18 முதல் 30 வயது வரை என்றுதான் இருக்கும். என் அண்ணன் பல வருடம் லேத் ஓட்டியவர், 58 முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கை நடுக்கம் கிடையாது, வெர்னியர் பிடித்தால் இன்றைக்கும் அளவு தப்பாது, ஆனால் வேலை கேட்டுப் போனால் தலைமுடியைப் பார்த்துவிட்டு "பெரியவரே, செக்யூரிட்டி வேலைன்னா சொல்றோம்" என்கிறார்கள். சரி என்று அதற்கும் போனார். ராத்திரி 12 மணி நேரம் நிற்க வேண்டும், முட்டிவலி வந்ததுதான் மிச்சம்.

பென்ஷன் வருகிறதே என்பார்கள். இ.பி.எஃப். குறைந்தபட்ச ஓய்வூதியத்தை 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் ஆக்கினார்கள், பத்து வருடம் தாண்டியும் அது அங்கேயே நிற்கிறது. சர்க்கரை மாத்திரைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் கொடுத்தால் அப்புறம் அரிசிக்கு என்ன செய்வது? தமிழக அரசு முதியோர் உதவித்தொகையை 2023-ல் 1,200 ஆக்கியது நல்ல விஷயம். ஆனால் தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் மத்திய அரசு தருவது 79 வயது வரை மாதம் வெறும் 200 ரூபாய், இது அநியாயம். ரயிலில் ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம் என்றிருந்த மூத்தோர் சலுகையையும் 2020 மார்ச்சில் நிறுத்தியதோடு சரி.

குறைந்தபட்ச ஓய்வூதியத்தை உடனே உயர்த்துங்கள். வேலை நோட்டீஸில் வயது வரம்பு போடுவதற்குத் தொழிலாளர் துறை தடை போட வேண்டும், முதலில் ஓசூரிலிருந்தே தொடங்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்