ஃபிளாக்கில 1514 வந்த கதை

மச்சான்,

எப்பிடி இருக்கிறாய், அங்க குளிர் விட்டிட்டுதோ? இஞ்ச காலபோக வெட்டு முடிஞ்சு வெயில் ஏறத் தொடங்கீட்டுது, வட்டக்கச்சிப் பக்கம் போனா றோட்டோரம் முழுக்க நெல்லுத்தான் காயுது. அம்மா சுகம், உன்னைக் கேட்டதா எழுதச் சொன்னவ. போன கிழமை நீ அனுப்பின வொய்ஸ் மெசேஜை ரெண்டு தரம் கேட்டனான், பிடிஎஃப்பில, அதான் லினக்ஸ் கெர்னல் தன்ர ஃபங்ஷன், டேட்டா வகைகளைப் பற்றித் தனக்குள்ளயே வைச்சிருக்கிற சுருக்கக் குறிப்பில, கிடக்கிற ஃபங்ஷன் சிக்னேச்சரை (எந்தப் பராமீட்டர் எந்த ஒழுங்கில எண்டதை) அப்பிடியே நம்பி டூல் எழுதலாமோ எண்டு கேட்டாய், அதுக்கு வொய்ஸில பதில் சொல்ல வெளிக்கிட்டா நடுவில கரண்ட் போகும் இல்லாட்டி யாரும் கூப்பிடுவினம், அதால ஆறுதலா இருந்து எழுதுறன்.

எனக்கு நடந்ததைச் சொல்லுறன், அதில உன்ர பதில் கிடக்கு. நான் வேலை செய்யிற இடத்தில ஒரு நெட்வேர்க் டிரைவர் பாக்கிறம், சில நேரம் பாக்கெட் அனுப்பிறது திக்கித் திக்கிப் போகுது எண்டு முறைப்பாடு. டிரைவருக்குள்ள ஒரு சின்ன ஸ்டாட்டிக் ஃபங்ஷன், அதுக்கு மூண்டு பராமீட்டர்: முதலாவது டிவைஸின்ட ஸ்ட்ரக்ட் பொயின்டர், ரெண்டாவது ஒரு ஃபிளாக், மூண்டாவது பாக்கெட்டின்ட நீளம். நீளத்தைப் பாத்தா விசயம் விளங்கும் எண்டு நினைச்சு எஃப்என்ட்ரியில, அதாவது ஃபங்ஷன் தொடங்கிற இடத்தில ஒட்டி ஆர்கியூமென்டுகளை வாசிக்கிற மாதிரி, ஒரு பிபிஎஃப் புரோகிராம் (ஓடுற கெர்னலுக்குள்ள போட்டு ஓட்டுற சின்னக் கோட்) எழுதினன்.

முதல் ஜிசிசி எண்ட கொம்பைலரில பில்ட் பண்ணின கெர்னலில ஓடவிட்டன். ஒட்டவே இல்லை, அப்பிடி ஒரு ஃபங்ஷன் இல்லை எண்டுது. கெர்னலின்ட ஃபங்ஷன் பேர்ப் பட்டியலான கேஆல்சிம்ஸைத் திறந்து பாத்தா ஃபங்ஷன் இருக்கு, ஆனா பேருக்குப் பின்னால புள்ளி இஸ்ரா புள்ளி 0 எண்டு ஒரு வால். எரிச்சல்தான் வந்தது, சரி இது ஏதோ ஜிசிசியின்ட சேட்டை எண்டு விட்டிட்டன். ரெண்டு மாசத்தால பில்ட் க்ளாங் எண்ட மற்றக் கொம்பைலருக்கு மாறினது. இப்ப அதே புரோகிராம் ஒரு சொல்லும் சொல்லாம ஒட்டிட்டுது, பிபிஎஃப் கோட்டைச் சோதிக்கிற வெரிஃபையரும் விட்டுது, எனக்குச் சந்தோசம். அவுட்புட்டைப் பாத்தா நீளம் எண்ட இடத்தில வாயில நுழையாத பெரிய பெரிய எண்கள். மெமரி எங்கயோ பழுதாகுது எண்டு முடிவெடுத்து மூண்டு இரவு டிரைவரின்ட லொக்கிங் முழுக்கத் தேடினன் மச்சான், மூண்டு இரவு. ஒரு பிழையும் இல்லை.

நாலாம் நாள் விடியப்புறம்தான் மற்றப் பக்கம் கண் போனது. ஃபிளாக் எண்டா 0 இல்லாட்டி 1 வரவேணும், ஆனா அதில 66, 66, 1514, 1514, 66 எண்டு ஓடுது. 1514 எண்டா உனக்கு உடன விளங்கும், 1500 பைட் டேட்டாவும் 14 பைட் ஈதர்நெட் ஹெடரும். 66 எண்டா டேட்டா இல்லாத டிசிபி ஏசிகே, கிடைச்சது எண்டு மட்டும் சொல்லுற பாக்கெட். நீளம் ஒழுங்காத்தான் வருது, ரெண்டாவது கதிரையில வந்து குந்தியிருக்கு.

டிஸ்அசெம்பிளி எடுத்து, கொம்பைலர் உண்மையில எழுதின மெசின் கட்டளையளைப் பாத்தன். எக்ஸ்86 64 பிட்டில முதல் மூண்டு ஆர்கியூமென்டும் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ் எண்ட றெஜிஸ்டர்களில (சிபியுவுக்குள்ள இருக்கிற சின்னப் பெட்டிகள்) அந்த ஒழுங்கில போகவேணும் எல்லே. கூப்பிடுற இடத்தில ஆர்டிஐக்குள்ள பொயின்டரைப் போடுது, ஆர்எஸ்ஐக்குள்ள நீளத்தைப் போடுது, கோல் பண்ணுது, அவ்வளவுதான். ஆர்டிஎக்ஸை ஆரும் தொடேல்ல, அதுக்குள்ள முந்தி வேற எதுக்கோ வைச்ச மிச்சம் கிடக்கு, அந்த மிச்சத்தைத்தான் நான் நீளம் எண்டு மூண்டு இரவு நம்பினது. என்ன நடந்திருக்கெண்டா, ஃபிளாக்கைப் பாவிக்கிற கோட் ஒரு கொன்ஃபிக் ஒப்ஷனுக்குள்ள இருக்கு, எங்கட பில்டில அது ஓஃப். ஆகவே ஃபிளாக் ஆருக்கும் வேண்டாத பராமீட்டர். ஃபங்ஷன் ஸ்டாட்டிக் எண்டபடியா அதைக் கூப்பிடுற எல்லாரும் அந்த ஒரு ஃபைலுக்குள்ளதான், கொம்பைலருக்கு எல்லாரையும் தெரியும், வெளியில இருந்து ஒருத்தரும் வரமாட்டினம், பிறகு ஏன் ஒரு றெஜிஸ்டரை வீணாக்க எண்டு ஃபிளாக்கைக் கழட்டிப்போட்டு நீளத்தை ஒரு இடம் முன்னுக்கு இழுத்திட்டுது. கொம்பைலரில பிழை சொல்லேலாது, அது செய்யவேண்டிய வேலை அது.

ஜிசிசி செய்ததும் அதே வேலைதான். பொயின்டரால ஒரே ஒரு ஃபீல்டைத்தான் வாசிக்கிறாய் எண்டு கண்டா பொயின்டரை விட்டிட்டு அந்தப் பெறுமதியையே நேர அனுப்பும். ஆனா மாத்தினா பேருக்கு வால் வைக்கும். இஸ்ரா எண்டா பராமீட்டரில கை வைச்சிருக்கு, கொன்ஸ்ட்புரொப் எண்டா எல்லாரும் ஒரே மாறிலியை அனுப்பினதால அதை உள்ளுக்க போட்டிட்டுது, பார்ட் எண்டா ஃபங்ஷனை உடைச்சு ஒரு துண்டை மட்டும் இன்லைன் பண்ணீட்டுது, கூப்பிடுற இடத்திலயே அந்தக் கோட்டைப் போட்டிட்டுது. க்ளாங் இந்த மாதிரிப் பராமீட்டரைக் கழட்டேக்க பேரை அப்பிடியே விட்டிடும். ஜிசிசி என்னை வாசலிலயே மறிச்சது, அண்டைக்கு எரிஞ்சு விழுந்தன், இப்ப யோசிச்சா அந்த மறியல்தான் நேர்மை.

சரி, பிடிஎஃப் ஏன் பிழையா வைச்சிருந்தது? பிடிஎஃப்பை எங்க இருந்து எடுக்கினம், ட்வார்ஃப் எண்ட டிபக் தகவலில இருந்து பாஹோல் எண்ட டூல் எடுக்குது. ட்வார்ஃப் பொய் சொல்லேல்ல மச்சான். அதில சோர்சில எழுதின மூண்டு பராமீட்டரும் இருக்கு, கூடவே ஒவ்வொண்டும் எந்த இடத்தில எந்த றெஜிஸ்டரில இருக்கு எண்ட லொகேஷனும் இருக்கு, ஜிடிபி டிபக்கர் அதைப் பாத்துத்தான் சரியாக் காட்டுறது. பிடிஎஃப்புக்குள்ள லொகேஷன் இல்லை, வகைகள் மட்டும்தான். நூறு எம்பிக்கு மேல போற ட்வார்ஃபைச் சில எம்பிக்குச் சுருக்கினபடியாத்தான் அது ஓடுற கெர்னலுக்குள்ளயே எப்பவும் இருக்கேலும், அந்தச் சுருக்கத்தில முதலாவது விட்டுப்போனது இதுதான். முதலாவது பராமீட்டர் முதலாவது றெஜிஸ்டர், மூண்டாவது மூண்டாவது எண்டு எஃப்என்ட்ரி நினைச்சுக்கொள்ளுது.

இந்தக் கிழமை முள்ளியவளைக் காணிக்கு சேவையரைக் கூட்டிக்கொண்டு போனனான், அதான் இது மண்டைக்குள்ள சுத்திக்கொண்டே இருக்கு. அம்மம்மாவின்ட காணி உறுதியில தெற்கு எல்லை ஒரு பாலைமரம் எண்டு எழுதியிருக்கு. எழுதின காலத்தில மரம் நிண்டிருக்கும். இடம்பெயர்ந்து திரும்பி வந்து பாக்க மரமும் இல்லை, வேலியும் இல்லை. பக்கத்துக் காணிக்காரரும் நல்ல மனிசர், அவையின்ட உறுதியிலயும் அதே பாலைமரம்தான். சேவையர் உறுதியை வாசிச்சுப்போட்டு மடிச்சு வைச்சிட்டு, கிணத்துக்கட்டில இருந்து அளக்கத் தொடங்கினார்.

இதை பாஹோல் எழுதுற ஆக்கள் கவனிச்சு 2023இல வந்த 1.25 பதிப்பில திருத்தீட்டினம். இப்ப அது ட்வார்ஃபின்ட லொகேஷனையும் வாசிச்சு, மூண்டாவது பராமீட்டர் ஆர்டிஎக்ஸில வரவேணும், இது ஆர்எஸ்ஐயில எல்லோ வருது எண்டு கண்டா அந்த ஃபங்ஷனைப் பிடிஎஃப்பில சேர்க்காமலே விட்டிடும். ஒரே பேரில ரெண்டு ஃபைலில ரெண்டு விதமா ஸ்டாட்டிக் ஃபங்ஷன் இருந்தாலும் அப்பிடித்தான், விட்டிடும். எங்கட பில்ட் மெசினில கிடந்தது அதுக்கு முந்தின பாஹோல். புதுசைப் போட்ட உடன என்ர புரோகிராம் க்ளாங் கெர்னலிலயும் ஒட்ட மறுத்தது, நான் உண்மையா நிம்மதியாப் பெருமூச்சு விட்டன். நீ உன்ர டூலில "ஒட்டேல்ல" எண்ட எரரை மறைச்சு பிடிஎஃப்பைப் பாக்காத கேப்ரோப் எண்ட பழைய முறையால சுத்திப்போக யோசிக்கிறதாச் சொன்னாய், தயவுசெய்து அதைச் செய்யாத. கேப்ரோப் கிட்டத்தட்ட எங்கயும் ஒட்டும், மூண்டாவது ஆர்கியூமென்டைத் தா எண்டா ஆர்டிஎக்ஸைத் தூக்கித் தரும், அதுக்குள்ள என்ன கிடக்கு எண்டு கேளாது. நான் பட்டதை உன்ர டூல் பாவிக்கிற ஒவ்வொருத்தரும் படுவினம்.

ரிட்டர்ன் பெறுமதியிலயும் கவனம். கூப்பிடுற ஒருத்தரும் அதைப் பாவிக்காட்டி கொம்பைலர் அதையும் கழட்டலாம், ஃபங்ஷன் முடியிற இடத்தில ஒட்டுற எஃப்எக்சிட்டில வாசிச்சா குப்பை. இன்லைன் ஆன இடங்களைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை, சில கோல் வரும் சில வராது, எண்ணிக்கையை நம்பாத.

நான் கடைசியில என்ன செய்தனான் எண்டா, ஒரு படி மேல ஏறி, அந்தச் சின்ன ஃபங்ஷனைக் கூப்பிடுற டிரைவரின்ட டிரான்ஸ்மிட் ஃபங்ஷனில ஒட்டினன். அதின்ட முகவரி நெட்வேர்க் ஒப்ஸ் டேபிளில எழுதியிருக்கு, வெளியில இருந்து பொயின்டரால கூப்பிடுவினம், ஆகவே கொம்பைலர் அதின்ட சிக்னேச்சரில கை வைக்கேலாது. அதுதான் என்ர கிணத்துக்கட்டு. நீளத்தை, பாக்கெட்டை வைச்சிருக்கிற எஸ்கேபி ஸ்ட்ரக்டில இருந்து நானே எடுத்தன், எல்லாம் சரியா வந்தது. நீண்ட காலத்துக்கு வேணுமெண்டா கோட்டுக்குள்ளயே எழுதி வைக்கிற டிரேஸ்பொயின்ட் எண்ட நிலையான ஒட்டுமிடம் வைக்கிறதுதான் முறை, எங்கட டிரைவருக்கு ஒண்டு எழுதி அனுப்பியிருக்கிறன். சொந்தக் கோட் எண்டா, பிபிஎஃப் கூப்பிடுறதுக்கெண்டு கெர்னல் குடுக்கிற ஃபங்ஷன்களான கேஃபங்குகளுக்கு மேல கெர்னலில போடுற மாதிரி யூஸ்ட், நோஇன்லைன் எண்ட கொம்பைலர் குறிப்புகள் ரெண்டையும் சேர்த்துப் போடலாம், நோஇன்லைன் மட்டும் போட்டா ஆர்கியூமென்ட் கழண்டுபோறது நிக்காது.

உன்ர டூல் ஒட்டுற ஃபங்ஷன் லிஸ்டை எனக்கு அனுப்பு, எத்தினை ஸ்டாட்டிக் எண்டு நான் இஞ்ச ரெண்டு கொம்பைலரிலயும் பில்ட் பண்ணிப் பாத்துச் சொல்லுறன், உனக்கு நேரம் இராது. வைகாசியில வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருவன் எண்டு சொன்னனீ, டிக்கெட் போட்டிட்டியோ? காணியின்ட தெற்கு வேலிக்குக் கப்புப் போட்டாச்சு, நீ வரேக்க கம்பியும் அடிச்சிருப்பம். வீட்டில எல்லாரையும் கேட்டதாச் சொல்லு.

அன்போட,
உன்ர மச்சான்