பற்றுப் பத்தி இல்லாத ஐந்தொகை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழில் வைரஸ் தடுப்பு மென்பொருள்களின் தரவரிசை ஒன்று வெளியாகியிருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 99.5, 99.8, 100 என்று ஒரு சதவீதம் அச்சாகியிருந்ததே தவிர, சோதித்தவர் யார், எந்த மாதத்தில், எத்தனை வைரஸ் மாதிரிகளைக் கொண்டு என்ற விவரம் எதுவும் இல்லை. காரைக்குடி, பள்ளத்தூர் வட்டாரத்தில் சில பலகாரக் கடைகளுக்கும் ஓர் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்கும் கணக்கு எழுதி வருபவன் என்ற முறையில், அப்பட்டியலை எப்படிப் படிக்க வேண்டும் என்பது குறித்துச் சில சொல்ல விரும்புகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதுபோன்ற ஒரு பட்டியலில் முதலிடம் பெற்றிருந்த மென்பொருளை வாங்கி ஒரு கடையின் கணினியில் போட்டேன். ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய 11 ஆம் தேதிக்கு முதல் நாள் மாலை, உள்ளூர் இளைஞர் ஒருவர் எழுதிக் கொடுத்திருந்த பில் போடும் புரோகிராமை அது தீநிரல் என்று முடிவு கட்டிப் பூட்டிவிட்டது. தேன்குழல், மனகோலப் பொட்டலங்களுக்கு நடுவே உட்கார்ந்து, பில் கட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு விடிய விடியக் கையால் கூட்டினோம்.

நல்ல நிரலைத் தீயது என்று பிடிப்பதைச் சோதனைக்கூடத்தார் 'ஃபால்ஸ் பாசிட்டிவ்', அதாவது தவறான எச்சரிக்கை, என்கிறார்கள். கண்ணில் படுவதையெல்லாம் தடுக்கும் மென்பொருள் ஒன்று இருந்தால் அது எந்தச் சோதனையிலும் 100 சதவீதம் எடுத்துவிடும் என்பதை யோசித்துப் பார்த்தால், தவறான எச்சரிக்கைகளின் எண்ணிக்கை இல்லாத தடுப்புச் சதவீதம் பற்றுப் பத்தி இல்லாத ஐந்தொகைக்கு, அதாவது ஒரு பக்கம் மட்டும் எழுதிய இருப்புநிலைக் கணக்குக்குச் சமம் என்பது விளங்கும். அப்படி ஓர் ஐந்தொகையை எங்கள் ஊர்ப் பழைய கணக்குப்பிள்ளைகள் கையால் தொட்டிருக்க மாட்டார்கள். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரிலுள்ள ஏவி-கம்பேரட்டிவ்ஸ் என்ற சோதனைக்கூடம், தவறான எச்சரிக்கைகள் அதிகமானால் விருதின் படிநிலையையே குறைத்துவிடுகிறது; தங்கள் பட்டியலிலோ அந்தப் பத்தியே இல்லை. பெரிய நிறுவனங்களுக்கும் இந்தச் சறுக்கல் நேர்ந்திருக்கிறது. 2010 ஏப்ரலில் மெக்காஃபி வெளியிட்ட ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பிக்கு இன்றியமையாத கோப்பு ஒன்றையே வைரஸ் என்று பிடித்ததால், பல நாடுகளில் கணினிகள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்துகொண்டிருந்தன. இன்னொன்றும் உண்டு: தவறான எச்சரிக்கையைப் பார்க்கும் சோதனைகளில், பரவலாகப் பயன்படும் சாதாரண மென்பொருள்களே பெரும்பாலும் இடம்பெறுகின்றன. எழுதியவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத, பத்துக் கடைகளில் மட்டுமே ஓடும் எங்கள் பில் புரோகிராம் அங்கே போய்ச் சேரப்போவதில்லை. ஆகவே 'தவறான எச்சரிக்கை: பூஜ்யம்' என்று அச்சிட்டிருந்தாலும் எங்களைப் போன்றவர்கள் சொந்தக் கணினியில் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கட்டுவது நல்லது.

அடுத்தது, முதலிடம் என்ற சொல். 400 மாதிரிகளை வைத்துச் சோதித்தால் ஒரே ஒரு மாதிரியைத் தவறவிடுவது கால் சதவீதம். அப்படியானால் 100 எடுத்ததற்கும் 99.5 எடுத்ததற்கும் இடையிலுள்ள வேறுபாடு இரண்டே மாதிரிகள்தான். 400-இல் ஒன்றையும் தவறவிடாத மென்பொருளும்கூட உண்மையில் முக்கால் சதவீதம் வரை தவறவிடக்கூடியதாக இருக்கலாம் என்பது புள்ளியியலின் சாதாரணக் கணக்கு. இதனால்தான் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் கூடமே முடிவுகளை வரிசைப்படுத்தாமல், நெருக்கமான மதிப்பெண்களை ஒரே தொகுதியில் வைத்து விருது தருகிறது. அவர்கள் ஒன்றாக வைத்ததை ஒன்று, இரண்டு, மூன்று என்று நாம் பிரித்து அச்சிடுவது முறையல்ல.

மாதமும் ஆண்டும் இல்லாத மதிப்பெண்ணுக்கு மதிப்பில்லை. ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரில் இயங்கும் ஏவி-டெஸ்ட், பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை என மூன்றுக்கும் ஆறு ஆறாகப் பதினெட்டு மதிப்பெண் போடும் கூடம். 2012 இறுதியில் மைக்ரோசாஃப்டின் இலவசத் தடுப்பு மென்பொருள் அங்கே சான்றிதழை இழந்தது. அதன் வழிவந்த டிஃபெண்டர் பின்னாளில் அதே கூடத்தில் பலமுறை முழு மதிப்பெண் வாங்கியது.

சோதிக்கப்பட்டதும் நாம் வாங்குவதும் ஒன்றுதானா என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. சீனாவின் கீஹூ 360 நிறுவனம், தன் வாடிக்கையாளர்களுக்குத் தரும் அமைப்பிலிருந்து மாறுபட்ட ஒன்றைச் சோதனைக்கு அனுப்பியதாகக் கூறி, மேலே சொன்ன இரு கூடங்களும் பிரிட்டனின் வைரஸ் புல்லட்டின் என்ற சோதனை அமைப்பும் 2015-இல் அதன் அவ்வாண்டுச் சான்றுகளைத் திரும்பப் பெற்றன. தயாரிப்பாளர்கள் கட்டணம் செலுத்தியே பல சோதனைகளில் பங்கேற்கிறார்கள் என்பதால் முடிவுகள் பொய் என்று நான் சொல்லவில்லை; பட்டியலில் இல்லாத மென்பொருள் மட்டமானது என்று கொள்ளக்கூடாது என்றே சொல்கிறேன்.

எங்கள் பகுதிக்கு மிகவும் பொருந்துவது, இணைய இணைப்பு உள்ளபோதும் இல்லாதபோதும் கிடைக்கும் முடிவுகளுக்கு இடையிலான வித்தியாசம். தங்கள் பட்டியலில் உள்ளவை போன்ற உயர்ந்த சதவீதங்கள் பெரும்பாலும் இணையம் இயங்கும் நிலையில், தயாரிப்பாளரின் சர்வரைக் கலந்துகொண்டு மென்பொருள் எடுத்த முடிவுகள். இணைப்பு இல்லாதபோது சில மென்பொருள்களின் கண்டறியும் திறன் வெகுவாகக் குறைகிறது. ஏவி-கம்பேரட்டிவ்ஸின் ஒரு சோதனை அதைத் தனிப் பத்தியாகவே தருகிறது. பட்டறைக் கணினியில் நெட் இருப்பது பாதி நாள். வைரஸ் வருவதோ ஜெராக்ஸ் கடைக்குப் போய்த் திரும்பும் பென் டிரைவில்.

எனவே இனி இத்தகைய பட்டியலை வெளியிடும்போது சோதனைக்கூடத்தின் பெயர், மாதம், மாதிரிகளின் எண்ணிக்கை, தவறான எச்சரிக்கைகள், இணைய இணைப்பு இல்லாத நிலையின் முடிவு ஆகியவற்றையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாதென்றால் 'முதலிடம்' என்ற தலைப்பை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
கணக்கர், வாசகர்,
கானாடுகாத்தான்.