பையன்கள் மூன்று வரியில் முடித்துவிட்டார்கள்

அன்புள்ள மாலா,

பதில் போடாததற்குத் திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஒட்டடைக்குச்சி சார் பேத்தி கல்யாணத்துக்கு அழைக்க வந்திருந்தார். வழக்கம்போல என்னை ‘மாலா’ என்றே கூப்பிட்டார். உன் பங்குத் திட்டை இன்றைக்கும் நான்தான் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காலையில் எழுந்ததிலிருந்து பள்ளிக்கூடம் வரும்வரை என்ன செய்தீர்கள் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை எழுதச் சொன்னேன். பையன்கள் மூன்று வரியில் முடித்துவிட்டார்கள்: எழுந்தேன், குளித்தேன், சாப்பிட்டேன். பெண்பிள்ளைகள் பக்கத்தைத் திருப்பி எழுதிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் பிடித்தேன், பாத்திரம் கழுவினேன், தம்பிக்குத் தலை சீவிவிட்டேன்... ஒருத்தி, ‘அண்ணன் சட்டைக்கு இஸ்திரி போட்டேன்’ என்று எழுதியிருக்கிறாள். அந்த அண்ணன் இங்கேயே பத்தாவது படிக்கிறான். எவ்வளவு சுத்தமாக வருகிறான் என்று ஆசிரியர் அறையே மெச்சும் பையன்!

பெரியவர்கள் லட்சணமும் இதுதான். 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டிருக்கிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். அந்த 97கூட வேலை செய்கிற ஆண்களின் கணக்குதான். முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

ஹரியானாவில் நடந்த ஒரு முயற்சியைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயது வரையிலான 1000 ஆண் குழந்தைகளுக்கு 834 பெண் குழந்தைகள்தான் இருந்த மாநிலம் அது. (நம் தமிழ்நாட்டில் 943. ரொம்பப் பீற்றிக்கொள்ள வேண்டாம்.) அங்கே முந்நூறுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ பாதிப் பள்ளிகளில் மட்டும் ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு இரண்டரை ஆண்டு ஆண்-பெண் சமத்துவத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். பையன்களையும் பெண்களையும் சேர்த்து உட்காரவைத்துத்தான். ஏன் தங்கை மட்டும் பெருக்குகிறாள், ஏன் அக்காவின் படிப்பை நிறுத்தினார்கள் என்கிற மாதிரிப் பேச்சுகள். மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட்டால் பிள்ளைகளின் எண்ணம் மாறியிருந்தது. வகுப்புகள் முடிந்து இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்த மாற்றம் நிலைத்திருந்தது. பையன்கள் வீட்டு வேலை கூடுதலாகச் செய்வதாகச் சொன்னார்கள். பையன்கள் சொல்வதில் எவ்வளவு கழிக்க வேண்டும் என்பது உனக்கே தெரியும். இருந்தாலும் சொன்னார்கள்.

என்னை உறுத்துவது இன்னொன்று. நடந்துகொள்வதில் மாற்றம் அதிகம் தெரிந்தது பையன்களிடம்தான், பெண்களிடம் அவ்வளவு இல்லை. யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. துடைப்பத்தை எடுக்க ஒரு பையன் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மேலே படிக்கவோ, மாலையில் மைதானத்தில் நிற்கவோ ஒரு பெண் எத்தனை பேரைக் கேட்க வேண்டும்! இஸ்திரி போட்ட அந்தப் பெண்ணிடம் வாலிபால் பயிற்சிக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். “ஆணும் பெண்ணும் சமம்னு எனக்குத் தெரியும் டீச்சர். எங்கப்பாகிட்ட சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நாம் என்ன செய்கிறோம், சொல். ‘பெண்ணே துணிந்து நில்’ என்று அவளுக்கே பேச்சுப் போட்டி, அவளுக்கே தற்காப்புப் பயிற்சி. அக்டோபர் 11, பெண் குழந்தைகள் தினம். விழா நடக்கும் நேரத்தில் பையன்களை விளையாட அனுப்பிவிடுகிறோம்! யார் கேட்க வேண்டுமோ அவன் மைதானத்தில் இருக்கிறான், அவன் அப்பா வீட்டில் இருக்கிறார். இந்த வருஷம் பையன்களும் உள்ளே உட்கார வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் சண்டை போட்டு வாங்கிவிட்டேன். அப்பாக்களையும் வரச்சொல்லியிருக்கிறோம்.

அதற்குத்தான் உன் உதவி வேண்டும். கேரளத்தில் 2024இல் மூன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் அப்பா தேங்காய் துருவுவது போலப் படம் போட்டார்களே, அதைப் பெரிதாக்கி மாட்டப் போகிறேன். ஆனால் நான் பேசினால் அப்பாக்கள் ‘டீச்சர் அப்படித்தான் சொல்வாங்க’ என்று கொட்டாவி விடுவார்கள். உன் வீட்டுக்காரரை அனுப்பு. கல்யாணமான நாளிலிருந்து அடுப்படியில் நிற்கிற மனுஷன், மேடை என்றால் மட்டும் பயப்படுவார். பத்து நிமிடம் போதும். அவர் மாட்டேன் என்றால், உன் மாமியாரிடம் சொல்லிவிடுவதாக மிரட்டு. எதை என்று அவருக்குத் தெரியும்.

உன்,
சாந்தி