வாழ்நாள் சந்தா கட்டாதே, கண்ணா

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய நீளமான செய்தியைப் படித்தேன். பாதி திட்டு, பாதி கணக்கு. திட்டு எனக்குக் கேட்டுப் பழகியதுதான், ரெய்டில் (கூட்டுச் சண்டையில்) முன்னால் நின்று அடி வாங்கும் டேங்க் செத்தாலும் நீ அதையேதான் சொல்வாய். கணக்குக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுநடுவே புகுந்து பேசுவாய், அதனால்தான் கடிதம்.

நீ சொல்வது இதுதானே: கம்பெனி நாம் ஆடும் ஆன்லைன் கேமை வைத்துச் சம்பாதிக்கிறது, சம்பாதித்ததை நம் கேமில் போடுவதில்லை. இப்போது 'வாழ்நாள் சந்தா' என்று ஒன்றைக் கொண்டுவந்து மொத்தமாகப் பெரிய தொகை கேட்கிறது. அதைக் கட்டினால் கேம் பிழைத்துக்கொள்ளும் என்று நம் கில்டில், அதுதான் நம் ஆட்டக் குழுவில், பாதிப் பேர் நம்புகிறார்கள். நீயும் திட்டிக்கொண்டே கட்டத் தயாராக இருக்கிறாய். கட்டாதே.

முதலில் அந்த மூன்றாம் தளத்துக் கதவைப் பற்றிப் பேசுவோம், உன் கோபம் அங்கேதான் ஆரம்பித்தது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் நெம்புகோலை இழுத்தால் கதவு திறக்க வேண்டும். எனக்குத் திறக்கிறது, டேங்குக்குத் திறப்பதில்லை. அவர் திரையில் கதவு மூடியே கிடக்கிறது. என் திரையில் அவர் திறந்த வாசலில் நின்று வெறும் காற்றில் முட்டிக்கொண்டிருக்கிறார். அப்புறம் யாராவது 'ரீலாக்' என்று டைப் செய்வார்கள், அவர் வெளியே போய் உள்ளே வருவார், அதற்குள் நான் போட்ட பஃப் (பலம் கூட்டும் மந்திரம்) எல்லாம் தீர்ந்திருக்கும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதை ஒரு பாடமாகவே சொல்லிக்கொடுக்கிறோம்: நெம்புகோலை இழுத்ததும் ஓடாதே, கொஞ்சம் பொறுத்து நட என்று. பழகிப் பழகி அந்த பக் (கோளாறு) கேமின் விதியாகவே ஆகிவிட்டது. போன பேட்ச் (திருத்த வெளியீடு) குறிப்பில் என்ன இருந்தது? கேமுக்குள் இருக்கிற கடைக்கு வந்த அலங்கார இறக்கைக்கு ஒரு பத்தி, குதிரைக்கு ஒரு பத்தி, நடன அசைவுக்கு ஒரு பத்தி. கடைசியில் 'பல்வேறு சிறு திருத்தங்கள்' என்று ஒரே வரி. கதவு அதில் இல்லை. கடைப் பொத்தான் மேல் துடிக்கிற அந்தச் சிவப்புப் புள்ளி மட்டும் ஒரு நாளும் பழுதானதில்லை.

இதைச் சோம்பேறித்தனம் என்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கதவு திறந்திருக்கிறதா என்ற தகவல் சர்வரில் ஒன்று இருக்கும், நம் ஒவ்வொருவர் கணினியிலும் அதன் நகல் இருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். அதை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருப்பார், அதன் மேல் வேறு பலர் எதையெதையோ கட்டியிருப்பார்கள். இதைத் தொட்டால் அங்கே என்ன நிற்கும் என்று இப்போது இருக்கிறவர்களுக்குத் தெரியாது. என் ஊகம்தான், ஆனால் பழைய கேம் எல்லாவற்றிலும் கதை இப்படித்தான் போகிறது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004-இல் வந்தது. ஆரம்பத்தில் கையில் கொடுக்கும் பையில் 16 இடம். பை போதவில்லை என்று ஆட்டக்காரர்கள் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2018-இல்தான் நான்கு இடம் கூடியது, அதுவும் கணக்குப் பாதுகாப்புக்கு ஆத்தென்டிகேட்டர் போட்டவர்களுக்கு மட்டும். அந்த 16 என்ற எண் கேமின் நிரலின் அடிவயிற்றில் அவ்வளவு இடங்களில் புதைந்திருந்தது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். பணத்துக்கும் ஆளுக்கும் பஞ்சமில்லாத இடத்திலேயே ஒரு பையைப் பெரிதாக்க இவ்வளவு காலம். ஈவ் ஆன்லைனில் ஆட்டக்காரர்களின் விண்வெளித் தளங்களுக்கான பழைய நிரலைத் தொட டெவலப்பர்களே பயந்தார்கள். கடைசியில் அதைத் திருத்தவே இல்லை. 2016-இல் புதுவகைத் தளங்களைத் தனியாக எழுதிக் கொண்டுவந்து, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரம் கட்டினார்கள்.

ஆக, நம் கதவைச் சரிசெய்ய விஷயம் தெரிந்த ஒருவர் பல வாரம் உட்கார வேண்டும். அதனால் கம்பெனிக்கு என்ன வரவு? ஒன்றுமில்லை. இப்போது சந்தா கட்டுகிறவர்கள் அதே சந்தாவைத்தான் கட்டுவார்கள். அதே வாரங்களில் ஓர் ஓவியர் நாலு இறக்கை வரைந்தால் அன்றைக்கே கடையில் காசு விழுகிறது. வாழ்நாள் முழுக்கக் கணக்குப் புத்தகத்தோடு இருந்தவள் என்பதால் எனக்கு இதில் சதி எதுவும் தெரியவில்லை. எந்தச் செலவுக்கு எதிரே ஒரு வரவைக் காட்ட முடிகிறதோ அந்தச் செலவுக்குத்தான் மேலே கையெழுத்து விழும். கதவுக்கு எதிரே எழுத எதுவும் இல்லை. கதவினால் வெறுத்துப் போய் விலகியவர்களின் சந்தா அந்தப் பக்கத்தில் வரவேண்டும், ஆனால் அவர்கள் எதனால் போனார்கள் என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

நம் பணம் புது கேமுக்குப் போகிறது என்கிறாயே, அது உண்மையாகவே இருக்கலாம். கறக்கிற மாட்டுக்குத் தீவனத்தைக் குறைத்துக் கன்று வாங்கும் வேலை இந்தத் தொழிலில் சகஜம். ஈவ் கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும் போல, முழுதாகச் சொல்கிறேன். ஐஸ்லாந்தின் சிசிபி கம்பெனி 2003-இல் அதைக் கொண்டுவந்தது. 2011 ஜூனில் இன்கார்னா என்ற அப்டேட்டோடு புதுக் கடை ஒன்றும் வந்தது. அதில் முகத்தில் மாட்டிக்கொள்ளும் ஒற்றைக் கண்ணாடி ஒன்று, விலை 60 டாலருக்கு மேல். கூடவே, கேமுக்குள் பொருள் விற்பதைப் பற்றி ஊழியர்களுக்குள் சுற்றிய இதழ் ஒன்றும் கசிந்தது. ஆட்டக்காரர்கள் ஜிடா என்ற வணிக மண்டலத்தில் கப்பல்களோடு கூடி, அங்கிருந்த நினைவுச் சின்னத்தைச் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். நிறையப் பேர் சந்தாவை நிறுத்தினார்கள். அக்டோபரில் தலைமை நிர்வாகி மன்னிப்புக் கேட்டு எழுதினார், வேலை மறுபடி விண்கலங்கள் பக்கம் திரும்பியது.

இதுவரைக்கும் எல்லாரும் சொல்வார்கள். அதே அக்டோபரில் கம்பெனி ஐந்தில் ஒரு பங்கு ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியதை அவ்வளவாகச் சொல்ல மாட்டார்கள். ஈவ் சம்பாதித்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் கம்பெனி வேறு இரண்டு கேம்களையும் வளர்த்துக்கொண்டிருந்தது. வேர்ல்ட் ஆஃப் டார்க்னஸ் வெளிவராமலே 2014-இல் கைவிடப்பட்டது. டஸ்ட் 514 என்பது 2013-இல் வந்து 2016-இல் மூடப்பட்டது. மாடு இன்னும் கறந்துகொண்டிருக்கிறது.

புது கேமில் பணம் போடுவதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே கேமை நம்பி எந்தக் கம்பெனியும் நெடுநாள் இருக்க முடியாது. ஆனால் பழைய கேமுக்கு இவ்வளவு, புதியதற்கு இவ்வளவு என்று நமக்கு யாரும் சொல்வதில்லை. 'கேமைக் காப்பாற்றுங்கள்' என்று நம்மிடம் கேட்கிறார்கள், எந்த கேமை என்று சொல்வதில்லை!

சரி, பணம் நிறையக் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? டீம் ஃபோர்ட்ரஸ் 2-ஐப் பார். 2007-இல் வந்தது, 2011-இல் இலவசமானது, தொப்பி விற்றே கொழித்தது. வால்வ் கம்பெனிக்குப் பணத்தட்டுப்பாடு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் 2017 அக்டோபருக்குப் பிறகு அதற்குப் பெரிய அப்டேட் வரவில்லை. அந்தக் கம்பெனியில் யார் எதில் வேலை செய்வது என்பதை ஊழியர்களே முடிவு செய்துகொள்வார்கள். பழைய கேமில் போய் உட்கார ஆள் வரவில்லை. பாட்கள், அதாவது ஆள் இல்லாமல் தானாக ஆடும் நிரல்கள், புகுந்தன. நீ தலையை நீட்டுமுன் தூரத்திலிருந்து சுட்டு விழுத்தும், மைக்கில் அலறும், ஓட்டுப் போட்டு உண்மையான ஆட்டக்காரர்களையே வெளியேற்றும். 2022-இல் ஆட்டக்காரர்கள் ஒன்றுசேர்ந்து கூச்சல் போட்டார்கள், கொஞ்சம் குறைந்தது, மறுபடி வந்தது. 2024-இல் மூன்று லட்சம் கையெழுத்துக்கு மேல் திரட்டினார்கள், அதற்கப்புறம்தான் பாட் கணக்குகளை மொத்தம் மொத்தமாகத் தடை செய்தார்கள். அங்கே பணம் இருந்தது, விளையாட ஆள் இருந்தார்கள். நடுவில் உட்கார்ந்து வேலை பார்க்கத்தான் ஆள் இல்லை. நீ கட்டப்போகிற தொகை அப்படியோர் ஆளை நாற்காலியில் உட்காரவைக்கும் என்று எந்த அறிவிப்பிலாவது எழுதியிருக்கிறதா? நான் தேடிப் பார்த்தேன். 'புதிய அத்தியாயம்' என்று இருந்தது, 'நம் பயணம்' என்று இருந்தது, பின்னணியில் சூரியன்கூட உதித்தது.

இப்போது அந்த வாழ்நாள் சந்தா. மாதச் சந்தா என்பது கம்பெனி ஒவ்வொரு மாதமும் உன்னிடம் வந்து நிற்பது. பிடிக்கவில்லை என்றால் அடுத்த மாதம் நிறுத்திவிடலாம், அந்தப் பயம்தான் உன் ஒரே பிடி. வாழ்நாள் சந்தா கட்டினால், இனி வரப்போகிற பல வருட வருமானத்தை இன்றே வாங்கிச் செலவு செய்துவிட அனுமதி கொடுக்கிறாய். வட்டி இல்லாக் கடன், திருப்பித் தரும் தேதியும் இல்லை. பிறகு சர்வர் வாடகைக்கும் சம்பளத்துக்கும் எங்கே போவார்கள்? உன்னிடம் இனி வரவு இல்லை, ஆகவே இன்னும் அதிக இறக்கை விற்றாக வேண்டும். அதோடு, வாழ்நாள் என்று அவர்கள் சொல்வது உன் ஆயுளை அல்ல, கேமின் ஆயுளை. அதை எப்போது முடிப்பது என்பது அவர்கள் கையில். விதிமுறையில் அது பொடி எழுத்தில் இருக்கிறது, நீ படித்திருக்க மாட்டாய்.

சர்வரை மூடிவிடுவார்களோ என்ற பயத்தில் கட்டுகிறேன் என்கிறாய். பயம் எனக்கும் உண்டு. சிட்டி ஆஃப் ஹீரோஸ் 2004-இல் வந்து 2012 நவம்பரில் மூடப்பட்டது, அப்போதும் அதை விரும்பி ஆடியவர்கள் இருந்தார்கள். பின்னால் ரசிகர்கள் தாங்களாகவே சர்வர் நடத்தினார்கள். அவர்களில் ஹோம்கமிங் என்ற குழுவுக்கு 2024 ஜனவரியில் கேமின் உரிமையாளரான என்சிசாஃப்ட் கம்பெனி முறைப்படி உரிமமே கொடுத்தது. அவர்கள் பணம் திரட்டும் முறையைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. இந்த மாதம் சர்வருக்கு இவ்வளவு ஆகும் என்று கணக்கை வெளியிடுகிறார்கள், அந்தத் தொகை சேர்ந்ததும் நன்கொடை வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள். இப்படி ஒரு பக்கக் கணக்கை நம் கம்பெனி காட்டட்டும், வாழ்நாள் சந்தாவை நானே உனக்குக் கட்டித் தருகிறேன்.

பழைய கேம் என்றாலே தேய்ந்துதான் போக வேண்டும் என்றும் இல்லை. ரூன்ஸ்கேப் ஆட்டக்காரர்கள் பழைய வடிவத்தைத் திருப்பிக் கேட்டார்கள். கம்பெனியிடம் 2007-இன் ஒரு பிரதி பத்திரமாக இருந்தது. ஓட்டெடுப்பு நடத்தி 2013-இல் அதையே தனி கேமாகத் திறந்தார்கள். சின்னக் குழு, சின்ன வாக்குறுதிகள். புதிதாக எதைச் சேர்ப்பதென்றாலும் ஓட்டுப் போடும் ஆட்டக்காரர்களில் 75 சதவீதம் பேர் சரி என்றால்தான் சேர்ப்போம் என்றார்கள். அது அம்மா கேமைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. அங்கே பணம் ஆட்டக்காரர்களின் பின்னால் வந்தது, ஆட்டக்காரர்களை முன்பணம் கேட்கவில்லை.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் கண்டித்தே சொல்கிறேன். கேமுக்குள் வந்து நமக்குப் பதில் சொல்கிறாரே அந்த ஒரு டெவலப்பர், அவரை நீ பொதுச் சாட்டில் பேசியதைப் பார்த்தேன். பட்ஜெட் போடுவது அவர் இல்லை. விலை வைப்பதும் அவர் இல்லை. கதவைப் பற்றிக் கேட்டபோது 'பட்டியலில் இருக்கிறது, எப்போது என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை' என்று நேர்மையாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவரும் போய்விட்டால் நமக்குப் பதில் சொல்லச் சிவப்புப் புள்ளிதான் மிஞ்சும். அவரிடம் வருத்தம் சொல்லிவிடு. பெரிய பேச்செல்லாம் வேண்டாம், ஒரு வரி போதும்.

உன் கோபத்தை எங்கே காட்டுவது என்றால், சந்தாவை நிறுத்தும்போது 'ஏன் விலகுகிறீர்கள்' என்று ஒரு பெட்டி வரும், அங்கே காட்டு. 'போர் அடிக்கிறது' என்பதைத் தட்டிவிட்டு வராதே. கதவு, எந்தத் தளம், எந்த நெம்புகோல், எத்தனை நாளாக என்று எழுது. வரவு நின்றதற்கான காரணம் அவர்கள் புத்தகத்தில் ஏறுகிற ஒரே இடம் அதுதான். கில்டில் மற்றவர்களுக்கும் சொல். எல்லாரும் ஒரே மாதத்தில், ஒரே காரணத்தை எழுதி நிறுத்தினால் அது ஒரு எண்ணாகத் தெரியும்.

நான் இந்த மாதம் நிறுத்தப் போவதில்லை. இன்று இருக்கிற கேமுக்கு, கதவு உட்பட, இந்த மாதச் சந்தா எனக்குச் சரியாகவே படுகிறது. வாரக் கடைசியில் நம்மோடு வருகிறவர்களை வேறெங்கே போய்ப் பார்ப்பேன்? அடுத்த மாதம் மறுபடி யோசிப்பேன். நீ நிறுத்துவதென்றால் நிறுத்து, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் போவதற்கு முன்னால் கில்டு வங்கியின் உரிமையை என் பெயருக்கு மாற்றிவிடு. கில்டு தலைவர் பல நாள் லாகின் செய்யாவிட்டால் உரிமை தானாகவே வேறு யாருக்கோ போய்விடுகிறது. அந்த பக்கையும் அவர்கள் இன்னும் சரிசெய்யவில்லை.

அன்புடன்,
அம்மா