நரியைத் தூக்கிலிட்ட பதிப்பகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பகத்தாருக்கு,

வணக்கம். 13ஆம் நூற்றாண்டில் ஃபிளாண்டர்ஸில் (இன்றைய பெல்ஜியப் பகுதி) வில்லெம் என்பவர் டச்சு மொழியில் பாடிய ரெய்னார்ட் நரியின் கதையைச் சிறுவர் நூலாக்கித் தந்தமைக்கு நன்றி. அதன் கடைசி நான்கு பக்கங்களைக் குறித்து இருமுறை எழுதியும் பதில் வராததால், இதைப் பொதுவில் எழுத நேர்ந்தது.

ஞாயிறுதோறும் எங்கள் தெரு நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறேன். தேனுக்கு ஆசைப்பட்டுப் பிளந்த மரத்தில் தலையை மாட்டிக்கொண்ட கரடிக்கும், எலிக்கு ஆசைப்பட்டுப் பாதிரியார் வீட்டுக் கண்ணியில் விழுந்த பூனைக்கும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த பக்கத்தில் நரி தூக்கில் தொங்கியது. கீழே கட்டம் கட்டி ஒரு நீதிமொழி. “எல்லாரையும் ஏமாத்தின நரிக்கு ராஜாவை மட்டும் ஏமாத்தத் தெரியலையா?” என்று ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி கேட்டாள். மூலத்தை அறிந்திருந்தும், கையிலிருந்த நூலை வைத்துக்கொண்டு அவளுக்கு என்ன சொல்வதென்று விளங்காமல் விழித்தேன்.

தாங்கள் அறியாததல்ல: மூலத்தில் நரி தூக்குமரத்தடியில் நின்று, கரடியும் ஓநாயும் அரசனைக் கவிழ்க்கச் சதி செய்ததாக ஜோடித்து, இல்லாத புதையலொன்றுக்கு வழி சொல்கிறது. புதையல் என்றதும் சிங்கராஜா நோபெலுக்கும் அரசிக்கும் நரியின் குற்றமெல்லாம் மறந்துபோகிறது. முறையிட வந்த கரடியின் முதுகுத்தோலை அறுத்தே பாவம் தீர்க்கப் போவதாக நரி சொன்ன யாத்திரைக்குப் பை தைக்கிறார்கள். அந்தப் பையில்தான் பிறகு முயலின் தலை அரண்மனைக்கு வந்து சேர்கிறது. நரியோ குடும்பத்தோடு தப்பிவிடுகிறது. இந்த அரசவையைக் காட்டத்தானே வில்லெம் அத்தனை விலங்குகளையும் அங்கே கூட்டினார்? அந்த முடிவை அடுத்த பதிப்பில் மீட்டுத் தர வேண்டுகிறேன்.

நரி தப்புவதைப் பொறுக்காதவர்கள் தாங்கள் மட்டுமல்லர். பஞ்சதந்திரத்தின் சூழ்ச்சிக்கார நரியான தமனகன் தண்டனையின்றித் தப்புவதைப் பொறுக்காமல், 8ஆம் நூற்றாண்டில் அதை அரபியில் எழுதிய இப்னுல் முகஃபா தனியே ஒரு விசாரணை அத்தியாயத்தையே சேர்த்தார் என்பர். அவராவது வழக்கை விசாரித்தார்; தாங்கள் நேரே தண்டனையை நிறைவேற்றிவிட்டு, பேராசை கொண்ட அரசனை நீதிமானாகவும் ஆக்கிவிட்டீர்கள். முயலின் தலை பிள்ளைகளுக்குக் கொடூரம் என்று கருதினால் அதை விட்டுவிடலாம். தொங்கும் நரியை முழுப்பக்க வண்ணப்படமாகத் தந்தவர்களுக்கு அந்தத் தயக்கம் இருக்கக்கூடும்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள்க. என் வேண்டுகோள் ஒன்றே: அந்தப் பழைய முடிவு வேண்டும். மறுபதிப்பு இப்போதைக்கு இயலாதெனில், அந்த நான்கு பக்கங்களை மட்டும் தனித்தாளில் அச்சிட்டு அனுப்புங்கள். எங்கள் நூலகப் பிரதியில் நானே ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்