ஐஸ் ஆலைகளில் ஆயில் இறக்கும் முறை மாற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உவரி, கூடுதாழை, இடிந்தகரை, கூட்டப்புளி எனத் திருநெல்வேலிக் கடற்கரை ஊர்களின் மீன் கெடாமல் சந்தைக்குப் போவது ஐஸால்தான். அமோனியாவால் குளிரூட்டி அந்த ஐஸைத் தரும் ஆலைகளில் நாங்கள் மிகவும் அஞ்சுவது, உள்ளே தேங்கிய ஆயிலை வெளியே எடுக்கும் ஆயில் இறக்கும் வேலையைத்தான்.

அமோனியாவும், அதன் வாயுவை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசரில் ஊற்றும் மினரல் ஆயிலும் கலப்பதில்லை. ஆயிலைப் பிரிக்கும் செபரேட்டரைத் தப்பிப் போகும் ஆயில், திரவ அமோனியாவைவிடக் கனமானது என்பதால் திரவம் சேரும் தொட்டியான ரிசீவரிலும், குளிரூட்டும் குழாய்ச் சுருளான கூலிங் காயிலிலும் அடியில் தேங்குகிறது. குளிரில் அது இறுகிக் கிடக்கும். வால்வைச் சிறிது திறந்தால் வராது. பொறுமை இழந்து முழுக்கத் திறப்பார்கள். ஆயில் தீர்ந்ததும் அதன் பின்னால் நிற்கும் திரவ அமோனியா சீறிக்கொண்டு வரும். ஆவியானால் 800 மடங்குக்கு மேல் விரியும். அதன் பிறகு வால்வை மூட யாரும் அங்கே நிற்க முடியாது. ரிசீவரிலிருந்து நேரடியாக வாளியில் இறக்கும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும்.

சரியான முறைக்கு, ஆயிலைத் தனியே சேர்த்து இறக்கும் கலமான ஆயில் பாட் தேவை. முதலில் அதில் ஆயிலைச் சேர விட்டு, வரும் வழியை மூட வேண்டும். பிறகு சக்‌ஷன் பக்கம் (கம்ப்ரசர் வாயுவை உறிஞ்சும் பக்கம்) போகும் வால்வைத் திறந்து வைத்தால் ஆயிலில் சிக்கிய அமோனியா கொதித்து வெளியேறும். பாட்டின் மேல் படிந்த உறைபனி முழுதும் உருகி, பாட் அறையின் சூட்டுக்கு வரும் வரை காத்திருக்க வேண்டும். இதற்குச் சில மணி நேரம் ஆகலாம். அடுத்து சக்‌ஷன் வால்வை மூடிப் பிரஷர் கேஜைப் பாருங்கள். பிரஷர் ஏறினால் உள்ளே இன்னும் அமோனியா இருக்கிறது, மறுபடி காத்திருங்கள். ஏறாவிட்டால் மட்டும் இறக்கலாம். இறக்கும் குழாயில் சாதாரண வால்வுக்கு அடுத்து, கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு கட்டாயம் இருக்க வேண்டும். அதைக் கம்பியால் கட்டித் திறந்து வைப்பது கொலைக்குச் சமம்.

இருவர் இருக்க வேண்டும், ஒருவர் எட்ட நின்று பார்க்க. அமோனியாவை வடிகட்டும் கேனிஸ்டர் பொருத்திய முழுமுக மாஸ்க், ரப்பர் கையுறை, பக்கத்திலேயே ஓடும் தண்ணீர். கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவரை வரச் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் மேல்காற்று பலமாக அடிக்கும்போது மேற்கே நின்று வேலை செய்யுங்கள். கிழக்கே ஆள் நிற்கக் கூடாது. கீழே தேங்கிய திரவ அமோனியாவில் தண்ணீர் அடிக்காதீர்கள். இன்னும் வேகமாகக் கொதித்து எழும்.

கடற்கரையின் உப்புக் காற்றால் வால்வு தண்டு துருப்பிடித்து இறுகுகிறது. அப்போது பைப்பை மாட்டி நெம்பினால் தண்டு முறியும். மாதம் ஒருமுறையாவது கிரீஸ் தடவித் திருப்பிப் பார்க்க வேண்டும்.

ஊற்றிய ஆயில் எவ்வளவு, இறக்கியது எவ்வளவு என்று நோட்டில் எழுதி வாருங்கள். இறக்கியது மிகவும் குறைந்திருந்தால் மிச்சம் காயிலில்தான் கிடக்கிறது. ஐஸ் உறையத் தாமதமாவதற்கு அதுவும் ஒரு காரணம். இறக்கிய ஆயிலைத் திரும்ப ஊற்றக் கூடாது, வாய்க்காலிலும் விடக் கூடாது. கம்ப்ரசரின் ஆயில் பிரஷர் கேஜைப் படிப்பதிலும் பலர் தவறுகிறார்கள். கேஜ் 4 கிலோ, சக்‌ஷன் 2 கிலோ என்றால் உண்மையான ஆயில் பிரஷர் 2 கிலோதான்.

பிரிட்ஜ் பழுது பார்க்கும் தம்பிகளுக்கும் ஒன்று: ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டி லீக் பார்க்காதீர்கள். பிரஷரில் ஆக்சிஜனும் ஆயிலும் சேர்ந்தால் கம்ப்ரசர் வெடிக்கும். ரெகுலேட்டர் போட்ட நைட்ரஜன் மட்டுமே சரி. எளிதில் தீப்பற்றும் ஆர்600ஏ கேஸ் போட்ட பிரிட்ஜில், கேஸ் இருக்கும்போது டார்ச் பற்ற வைக்கவே கூடாது. குழாயைக் கட்டரால் வெட்டுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலத்தில் ஐஸ் தேவை குறையும் ஆலைகள், ஆயில் பாட்டும் ஸ்பிரிங் வால்வும் பொருத்த அந்த நாட்களைப் பயன்படுத்தலாம். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் தன் ஆய்வில் இந்த இரண்டையும், மாஸ்க் கேனிஸ்டரின் காலாவதித் தேதியையும் ஆலை ஆலையாகப் பார்க்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குளிர்பதன மெக்கானிக்குகள்,
வள்ளியூர்.